பனி நிலத்தில் ட்ரோன்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டறிய

வட நார்வேயின் ட்ரொம்ஸோவில் நவம்பர் 27 வாக்கில் அடிவானத்துக்குக் கீழே போகும் சூரியன், ஜனவரி நடுப்பகுதியில்தான் திரும்புகிறது. சுற்றிலும் மலைகள் மறைத்து நிற்பதால் நகரத் தெருக்களில் அதன் முதல் கீற்று விழ ஜனவரி 21 ஆகிவிடும். அன்று ஊரே இனிப்பு உருண்டை தின்று சூரியனை வரவேற்கிறது. ட்ரோனை எடுத்துக்கொண்டு கிளம்ப ஆண்டின் மிக நல்ல நாட்கள் எனக்கு அங்கிருந்துதான் தொடங்குகின்றன. ஏப்ரல் வரை பனி நிற்கும், ஒளி கூடிக்கொண்டே போகும்.

இந்த மாதங்களில் “அண்ணா, ட்ரோன் பழுதாகிவிட்டது, வந்து பார்க்கிறீர்களா?” என்று தொலைபேசியில் கேட்கும் தம்பிகள் பலர். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் எதுவும் பழுதாகியிருக்காது. சூடாக இருக்க வேண்டியது குளிர்ந்திருக்கும்; குளிர்ந்திருக்க வேண்டியது சூடாக இருக்கும். பேட்டரி உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். ட்ரோனின் உடல், லென்ஸ், சுழலும் இறக்கைகள் எல்லாம் வெளிக்காற்றின் குளிரில் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு வருவதிலேயே பாதிச் சிக்கல் தொடங்கிவிடுகிறது. கீழே உள்ள அறிகுறிகளில் பல, சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்கே வந்து சேரும்.

## பேட்டரி 60 சதவீதம் காட்டியது; மேலே போனதும் மளமளவென்று இறங்கிவிட்டது

கோடையில் நம்பிய சதவீதக் கணக்கு பனியில் செல்லாது. லித்தியம் பேட்டரி குளிர்ந்தால் உள்ளே இருக்கும் திரவம் தடித்து, அயனிகள் மந்தமாக நகர்கின்றன, உள்மின்தடை கூடுகிறது. சும்மா இருக்கும்போது ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் காட்டும் பேட்டரி, நான்கு மோட்டார்களும் ஒரே நேரத்தில் மின்னோட்டத்தை இழுத்ததும் 3.3 வரைகூடச் சரியலாம். ட்ரோன் அந்தச் சரிவைத்தான் பார்க்கிறது. காலியாகிவிட்டது என்று முடிவுகட்டித் தரையிறங்கத் தொடங்குகிறது. உள்ளே ஆற்றல் அப்படியே இருக்கும். அதே பேட்டரியைச் சட்டைக்குள் அரை மணி நேரம் வைத்திருந்தால் வோல்ட் மீண்டும் ஏறியிருப்பதைப் பார்க்கலாம்.

ஆகவே முதலில் கைபேசியில் ட்ரோனை இயக்கும் ஆப்பில் பேட்டரியின் வெப்பநிலையைப் பாருங்கள். 20 டிகிரிக்குக் குறைவாக இருந்தால் கோளாறு என்னவென்று தெரிந்துவிட்டது. பேட்டரிகளைக் கோட்டின் உள்பையில், உடம்பை ஒட்டி வையுங்கள். இரும்புத் தூள் நிரப்பிய கைச்சூட்டுப் பைகள் இங்கே எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். அவற்றையும் உடன் வைக்கலாம். ஆனால் பேட்டரியின் மேல் நேராகப் படாமல் நடுவில் ஒரு காலுறையாவது இருக்கட்டும். பறக்கும் கணத்தில்தான் பேட்டரியை ட்ரோனில் பொருத்த வேண்டும்.

மேலெழுந்ததும் தலை உயரத்துக்குச் சற்று மேலே ஒரு நிமிடம் அப்படியே நிறுத்துங்கள். ஓடும் மின்னோட்டமே பேட்டரியை உள்ளிருந்து சூடாக்கும். அந்த ஒரு நிமிடத்தில் சதவீதம் வழக்கத்துக்கு மாறாக இறங்கினால் உடனே கீழே இறக்கிவிடுங்கள். ஐந்து மீட்டர் தூரத்தில் தெரியவரும் சிக்கல், ஐந்நூறு மீட்டர் தூரத்தில் கடலுக்கு மேலே தெரியவரும் சிக்கலைவிட எவ்வளவோ மேல். ரிமோட்டின் குச்சிகளை முழுவதும் தள்ளாதீர்கள். வேகப் பயன்முறை வேண்டாம். கையேடு சொல்லும் நேரத்தில் பாதியை மட்டுமே நான் கணக்கில் கொள்கிறேன். 40 சதவீதத்தில் திரும்பத் தொடங்கிவிடுவேன்.

குளிர்காற்றே ட்ரோனைத் தூக்கவிடாமல் செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மைனஸ் 10 டிகிரிக் காற்று, 30 டிகிரிக் காற்றைவிட ஏறத்தாழ 15 சதவீதம் அடர்த்தியானது. இறக்கைகளுக்கு அது நல்ல பிடிமானம். முட்டுக்கட்டை போடுவது பேட்டரி மட்டுமே.

திரும்பி வந்த குளிர்ந்த பேட்டரியைக் காரில் ஏறியவுடன் சார்ஜில் போடாதீர்கள். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும். அந்தச் சேதம் மீளாது. பல ட்ரோன்களின் கையேடுகள் சார்ஜ் ஏற்ற 5 டிகிரியைக் கீழ் எல்லையாகச் சொல்கின்றன. அறை வெப்பநிலைக்கு வரும்வரை பொறுத்திருங்கள்.

## மேலெழும்பவே மறுக்கிறது

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். பேட்டரி மிகவும் குளிர்ந்திருக்கலாம். மேலே சொன்னதைச் செய்யுங்கள். அல்லது சாய்வையும் அசைவையும் அளக்கும் உணரி இன்னும் வெப்பநிலைக்கு வந்திருக்காது. குளிரில் அதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். ட்ரோனை முடுக்கிவிட்டுத் தட்டையான இடத்தில் அசையாமல் இரண்டு நிமிடம் வையுங்கள். கையில் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தால் அது முடியவே முடியாது.

மூன்றாவது, நீங்கள் நிற்கும் இடம். நார்வேயில் விமான நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. ட்ரொம்ஸோவின் விமான நிலையம் நகரம் இருக்கும் அதே தீவில்தான் இருக்கிறது. ஆகவே ஹோட்டல் வாசலில் நின்று முயன்று பார்க்காமல் குவாலோயா தீவின் மேற்குப் பக்கமோ லிங்கன் பக்கமோ போய்விடுங்கள். கேமரா பொருத்திய ட்ரோன் என்றால் அதை இயக்குபவராக முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். உயர எல்லை 120 மீட்டர். அது உங்கள் காலடியிலிருந்து அல்ல, ட்ரோனுக்குக் கீழே இருக்கும் நிலத்திலிருந்து கணக்கிடப்படுவது. மலைச்சரிவில் இந்த வேறுபாடு பெரிது.

டிஜேஐ நிறுவனத்தின் மாவிக் 3, மினி 3 ப்ரோ ஆகியவற்றுக்குக் கையேடு தரும் கீழ் எல்லை மைனஸ் 10 டிகிரி. பழைய மினி 2-க்கு 0 டிகிரி. ட்ரொம்ஸோ கடலோர நகரம் என்பதால் ஜனவரியிலும் பல நாட்கள் இந்த எல்லைக்குள் இருக்கும். உள்நிலம் அப்படியல்ல. காரஷோக்கில் 1886 ஜனவரி 1 அன்று மைனஸ் 51.4 டிகிரி பதிவாகி இன்றுவரை நார்வேயின் சாதனையாக நிற்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் காலையில் வெப்பமானியைப் பார்த்துவிட்டே பையைத் தூக்க வேண்டும்.

## வெள்ளைப் பனி அழுக்குச் சாம்பலாகப் பதிவாகிறது

கேமராவில் பழுதில்லை. எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதி ஒளியளவைக் கணக்கிடுவது தானியங்கி அளவீட்டின் இயல்பு. புதிதாக விழுந்த பனி தன்மேல் படும் ஒளியில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. இவ்வளவு வெளிச்சமா என்று கேமரா அடக்கி வாசிக்கிறது, பனி சாம்பலாகிவிடுகிறது.

ஒளியளவைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் எக்ஸ்போஷர் ஈடுசெய்தலை +1-இல் தொடங்குங்கள். வெயிலடிக்கும் திறந்த வெளி என்றால் +1.3, +1.7 வரைகூடப் போகலாம். இங்கே திரையை நம்பாதீர்கள். சுற்றிலும் பனி கண்ணைக் கூசவைக்கும்போது திரையில் எல்லாமே இருட்டாகத் தெரியும். நாமும் அளவுக்கு மீறி ஏற்றிவிடுவோம். படத்தின் இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பனியின் மேடு வலப்பக்கம் இருக்க வேண்டும். ஆனால் வலச்சுவரில் மோதி நிற்கக் கூடாது, சிறிது இடைவெளி வேண்டும். மோதிவிட்டால் காற்று வரைந்த வரிகளும் முயல் கால்தடமும் அழிந்துபோயிருக்கும். எந்த மென்பொருளாலும் அவற்றைத் திரும்ப வரையமுடியாது. கேமரா மெருகேற்றாத ரா கோப்பாகவே எடுங்கள். வெயிலும் மலைநிழலும் ஒரே சட்டகத்தில் வந்தால் ஒளியளவை மாற்றி மூன்று அல்லது ஐந்து படங்களை அடுத்தடுத்து எடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

சூரியன் வராத நாட்களுக்கு இந்த விதியை அப்படியே பொருத்தக் கூடாது. டிசம்பர் நண்பகலில் இங்கே நீல அந்தி சில மணி நேரம் நீடிக்கும். அப்போது பனியின் அழகே அதன் மங்கலில் இருக்கிறது. அதை வெள்ளையாக்கப் பாடுபட்டால் பகலில் எடுத்த மோசமான படம்போல் ஆகிவிடும். +0.3 போதும், சில நாள் அதுவும் வேண்டாம்.

## நிறம் நிலையாக இல்லை. வீடியோவில் நடுவிலேயே மாறுகிறது

வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ் தானியங்கியில் இருக்கிறது. கீழே நீலப் பனி, மேலே இளஞ்சிவப்பு வானம்; கேமரா ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திரும்பும்போது ஒவ்வொன்றையும் சாம்பலாக்க முயல்கிறது. 5500 கெல்வினில் நிறுத்திவிட்டு மறந்துவிடுங்கள். நிழல் விழுந்த பனி நீலமாகத் தெரிந்தால் அது பிழை அல்ல. நேர்வெயில் படாத இடத்துக்கு வானத்தின் நீல ஒளி மட்டுமே வந்துசேர்கிறது. அந்த நீலத்தைத் துடைத்தெடுத்தால் குளிரும் படத்தைவிட்டுப் போய்விடும்.

## படம் தட்டையாக இருக்கிறது. எது பள்ளம், எது மேடு என்று தெரியவில்லை

மேகமூட்டம். வெள்ளை வானம், வெள்ளை நிலம், நிழலே இல்லை. இதற்கு அமைப்புகளில் மருந்து கிடையாது, காத்திருக்க வேண்டியதுதான். காத்திருந்தால் கிடைப்பது பெரிது. பிப்ரவரி இறுதியில்கூட ட்ரொம்ஸோவில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 12 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. 5 மீட்டர் பிர்ச் மரத்தின் நிழல் பனிமேல் 23 மீட்டருக்கு நீளும். மேலிருந்து நேர்கீழாகப் பார்த்தால் மரம் ஒரு கீறலாகவும் நிழல் முழு மரமாகவும் தெரியும். தரையில் நிற்பவருக்குக் கிடைக்காத காட்சி அது. நான் ட்ரோன் வாங்கியதற்கு அந்த ஒரு காட்சியே போதும் என்று இன்றும் நினைக்கிறேன்.

அளவு தெரியாமல் படம் மிதப்பதுபோல் இருந்தால் மனிதக் கை பட்ட ஏதாவது ஒன்றைச் சட்டகத்தின் ஓரத்தில் சேருங்கள். சிவப்புப் படகுக் கொட்டகை, பனிச்சறுக்குத் தடம், மீன் உலர்த்தும் மரச்சட்டங்கள்.

## அந்தி நேரப் படங்களில் மணல் தூவியதுபோல் புள்ளிகள்

கேமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓ தானாக ஏறியிருக்கிறது. அதை 100 அல்லது 200-இல் நிறுத்தி, ஷட்டரை மெதுவாக்குங்கள். காற்றில்லாத நாளில் ட்ரோன் அந்தரத்தில் நிற்கும் நிலைப்பு வியக்கத்தக்கது. அரை வினாடிப் படமும் கூர்மையாக வரும். ஒரே காட்சியை நான்கைந்து முறை எடுத்து நல்லதைத் தேர்ந்துகொள்ளுங்கள். அந்தியும் முடிந்து இரவில் பறப்பதாக இருந்தால் ஐரோப்பிய விதிப்படி ட்ரோனில் மினுக்கும் பச்சை விளக்கு கட்டாயம். 2022 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

## லென்ஸில் மங்கல். துடைத்தாலும் மீண்டும் வருகிறது

இதில்தான் ட்ரோனுக்கு உண்மையான சேதம் வருகிறது. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மங்கல் எப்போது வந்தது என்று கேளுங்கள். வெளியே போன சில நிமிடங்களில் வந்தது என்றால், ட்ரோனின் உடல் வீட்டுச் சூட்டோடு வெளியே வந்திருக்கிறது. பறந்து விழும் பனித்துகள் வெதுவெதுப்பான லென்ஸில் உருகி, பிறகு குளிர்ந்து கண்ணாடிமேல் மெல்லிய பனிக்கட்டிப் படலமாகிவிடும். துணியால் தேய்த்தால் இன்னும் பரவும். மூச்சால் ஊதினால் இன்னும் கெடும். நம் மூச்சில் இருப்பதெல்லாம் ஈரம். இதைத் தவிர்க்க ட்ரோனைப் பேட்டரி இல்லாமல் பையோடு வெளியே 15 நிமிடம் ஆறவிடுங்கள். குளிர்ந்த உடலில் பனி ஒட்டாது. ரப்பர் ஊதுகுமிழால் ஒரு ஊது ஊதினால் பறந்துவிடும்.

வீட்டுக்குள் நுழைந்தபின் மங்கல் வந்தது என்றால் கதை வேறு. மைனஸ் 12 டிகிரியில் இருந்த ட்ரோனைச் சமையல் நடக்கும் வீட்டுக்குள் கொண்டுவந்தால், பிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பில் வியர்ப்பதுபோல் அதன் உடலெங்கும் நீர் வியர்க்கும். கண்ணுக்குத் தெரியும் லென்ஸில் மட்டுமல்ல. உள்ளே சுற்றுப்பலகையிலும், கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பலின் மோட்டாரிலும், மெமரி கார்டு செருகும் இடத்திலும் வியர்க்கும். அந்த நேரத்தில் “படங்களைப் பார்ப்போம்” என்று முடுக்கினால் ஈரத்தின் மேல் மின்சாரம் பாயும். என் முதல் ட்ரோன் அப்படித்தான் போனது. வானத்தில் பழுதின்றிப் பறந்துவிட்டு, மேசைமேல் வைத்து முடுக்கியபோது கேமரா நின்றுவிட்டது.

வழி எளிது. வெளியே இருக்கும்போதே மெமரி கார்டையும் பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். ட்ரோனைக் காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி மூடுங்கள். பிறகே வாசலைத் தாண்டுங்கள். ஈரம் பையின் வெளிப்புறத்தில் படியும். அறை வெப்பநிலைக்கு வர இரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை திறக்க வேண்டாம். காருக்கும் இதே விதி. ஹீட்டர் ஓடும் காருக்குள் ட்ரோனைக் கொண்டுவந்து, அடுத்த இடத்தில் இறங்கி மீண்டும் பறக்கவிடுபவர்கள் ஒரே நாளில் இந்தத் தவறை ஐந்து முறை செய்கிறார்கள். ட்ரோனைக் காரின் பின்பெட்டியிலேயே குளிராக விட்டுவைத்து, பேட்டரிகளை மட்டும் உங்களோடு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

## கிம்பல் நடுங்குகிறது, அடிவானம் சாய்கிறது

கடுங்குளிரில் தாங்கிகளின் மசகு கெட்டியாகிச் சிறு மோட்டார்கள் திணறும். முடுக்கியபின் கேமராவை மேலும் கீழுமாக மெதுவாகச் சில முறை அசையுங்கள், இளகிவிடும். இளகாவிட்டால் கிம்பலின் இடுக்கில் பனித்துகள் உறைந்திருக்கிறதா என்று பாருங்கள். கையால் திருப்பி உடைக்க முயலாதீர்கள். அடிவானச் சாய்வு மட்டும் என்றால் ட்ரோனைத் தட்டையான பலகைமேல் வைத்துக் கிம்பலை அளவுதிருத்தினால் சரியாகும். பனிமேல் வைத்துத் திருத்தினால் அது அமிழ்ந்து சாய்ந்த தளத்தையே நேராக எடுத்துக்கொள்ளும்.

## இறக்கைச் சத்தம் மாறுகிறது. உயரத்தைத் தக்கவைக்கத் திணறுகிறது

இதற்கு ஆராய்ச்சி வேண்டாம், உடனே இறக்குங்கள். இறக்கையின் முன்விளிம்பில் பனிக்கட்டி படிகிறது. 0 டிகிரிக்குச் சற்றுக் கீழே, மூடுபனியோ தாழ்ந்த மேகமோ உள்ள நாட்களில் காற்றில் மிதக்கும் நீர்த்துளிகள் உறையாமல் திரவமாகவே இருக்கும். எதையாவது தொட்ட கணத்தில் உறையும். இறக்கையின் வடிவம் கெட்டதும் தூக்குவிசை குறைகிறது. மோட்டார் கூடுதலாகச் சுழன்று ஈடுகட்டுகிறது, பேட்டரி கரைகிறது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடலாம். மைனஸ் 20 டிகிரியின் உலர்ந்த தெளிந்த வானத்தைவிட மைனஸ் 3 டிகிரியின் மூடுபனி ட்ரோனுக்கு ஆபத்தானது.

கீழே இறக்கியதும் இறக்கைகளை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு தெரிந்தால் அன்றைய பறத்தல் அவ்வளவுதான். பனிக்கட்டியைச் சுரண்டாதீர்கள். குளிரில் பிளாஸ்டிக் விறைத்து, மயிரிழை விரிசல் விடும். வீட்டில் உருகவைத்து, வெளிச்சத்தில் வளைத்துப் பார்த்து, ஐயமிருந்தால் மாற்றிவிடுங்கள்.

## தரைக்கு அருகே வழுக்குகிறது. இறங்கும் இடத்தில் தயங்குகிறது

கீழ்நோக்கிய கேமராக்கள் தரையில் உள்ள புள்ளிகளையும் கோடுகளையும் பிடித்துக்கொண்டுதான் ட்ரோனை ஓரிடத்தில் நிறுத்துகின்றன. புதுப்பனியில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. மங்கிய ஒளியில் அவை அறவே குருடாகின்றன. அதோடு தரையை நெருங்கும்போது இறக்கைக் காற்று பொடிப்பனியைக் கிளப்பி ட்ரோனைச் சுற்றி வெண்திரை கட்டிவிடும். அந்தப் பனி மோட்டாருக்குள் புகுந்து உருகி, அடுத்த முறைக்குள் உறைந்து நிற்கும்.

பளிச்சென்ற ஆரஞ்சு விரிப்பு ஒன்று கையில் இருக்கட்டும். பனியை மிதித்து இறுக்கி அதன்மேல் விரித்து, நான்கு மூலையிலும் பனியைக் கொட்டி அழுத்துங்கள். விரிப்பு இல்லையென்றால் காரின் தரைவிரிப்பு போதும். தானாகத் தரையிறங்கும் கட்டளையை நம்பாமல் கடைசி மூன்று மீட்டரையும் நீங்களே இறக்குங்கள். கையில் பிடித்து இறக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விறைத்த விரல்கள் சுழலும் இறக்கையின் அருகே இருக்கக் கூடாது.

## எதிரே எதுவும் இல்லை. ஆனாலும் தடை இருப்பதாகச் சொல்லி நிற்கிறது

பனி விழுகிறது, உணரிகள் துகள்களைச் சுவராக எண்ணுகின்றன. அல்லது தாழ்ந்த சூரியன் நேராக உணரிக்குள் அடிக்கிறது. முதல் காரணம் என்றால் கீழே இறக்குங்கள், இரண்டாவது என்றால் திசையை மாற்றுங்கள். தடையுணரியை அணைத்துவிட்டுப் பறக்கும் ஆசை வரும். இலையுதிர்ந்த பிர்ச் கிளைகளும் மின்கம்பிகளும் எந்த உணரிக்கும் சரியாகத் தெரிவதில்லை, நம் கண்ணுக்கும் வெள்ளைப் பின்னணியில் தெரிவதில்லை.

## ஓரிடத்தில் நிற்காமல் வட்டமடிக்கிறது. திசைகாட்டிப் பிழை வருகிறது

காரின் மேற்கூரையிலிருந்தோ, பனிக்கடியில் கம்பி கட்டிய கான்கிரீட் இருக்கும் படகுத்துறையிலிருந்தோ கிளப்பினீர்களா? பனி எல்லாவற்றையும் மூடிவிடுவதால் காலடியில் இரும்பு இருப்பது தெரியாது. இருபது அடி தள்ளிப்போய் மீண்டும் முயலுங்கள்.

அதையும் தாண்டி இந்த அட்சரேகைக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. எனக்கு ஊர் திருநெல்வேலி. அங்கே காந்த நடுக்கோடு அருகிலேயே போவதால் பூமியின் காந்தப்புலம் கிட்டத்தட்டத் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும். திசைகாட்டிக்குப் பயன்படும் கிடைவிசை ஏறத்தாழ 40,000 நானோடெஸ்லா. ட்ரொம்ஸோவில் புலம் 78 டிகிரி சரிந்து நிலத்துக்குள் பாய்கிறது. கிடைவிசை 11,000 அளவுக்கே மிஞ்சுகிறது. ஊரில் பொருட்படுத்த வேண்டாத ஒரு சாவிக்கொத்தின் தொந்தரவு, இங்கே ஏறத்தாழ நான்கு மடங்கு பெரிதாகிவிடும். கைச்சூட்டுப் பையின் இரும்புத் தூள், பனிச்சறுக்குக் கொக்கி, கைபேசிக் காந்தம் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு, வந்திறங்கிய முதல் நாளே திசைகாட்டியை அளவுதிருத்துங்கள்.

செயற்கைக்கோள் நிலையும் இங்கே வேறு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் சுற்றுப்பாதை 55 டிகிரி சாய்வு கொண்டது. ஆகவே இவ்வளவு வடக்கே அவை தலைக்கு நேர்மேலே வருவதே இல்லை. மலைகளுக்கிடையே நீளும் கடற்கிளையான ஃபியோர்டின் செங்குத்துச் சுவர்கள் தெற்குப் பக்கத்தை மறைத்தால் எண்ணிக்கை மளமளவென்று குறையும். வடஒளி ஆவேசமாக ஆடும் இரவுகளில் மேல்வளிமண்டலக் கொந்தளிப்பு சமிக்ஞையையும் குலைக்கும். வடஒளியைப் படமெடுக்க ட்ரோனை ஏற்றுகிறவர்கள் இதை எதிர்பார்த்தே ஏற்ற வேண்டும். புறப்பட்ட இடம் பதிவாகிவிட்டது என்ற அறிவிப்பு வராமல் தலை உயரத்தைத் தாண்ட வேண்டாம்.

## போகும்போது பறந்தது. திரும்பும்போது நகரவே மாட்டேன் என்கிறது

எதிர்காற்று. வினாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் போகும் ட்ரோன் 800 மீட்டரை ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் கடக்கும். 8 மீட்டர் எதிர்காற்று வந்தால் அதே தூரத்துக்கு 200 வினாடி. மலைமேல் குளிர்ந்து கனத்த காற்று பள்ளத்தாக்கு வழியே கடலை நோக்கி வழிந்திறங்குவது இங்கே வழக்கம். கரையில் நிற்கும் உங்கள் முகத்தில் காற்றே படாமல் இருக்கலாம். நூறு மீட்டர் உயரத்தில் அது கடலுக்குள் தள்ளிக்கொண்டிருக்கும்.

உயரத்தைக் குறையுங்கள், கீழே காற்று மென்மையாக இருக்கும். தானாகத் திரும்பும் கட்டளை ட்ரோனை மேலே ஏற்றிப் பலத்த காற்றிலேயே கொண்டுவரும். அதை ரத்துசெய்து தாழ்வாக, கையால் ஓட்டிவாருங்கள். வரமுடியாது என்று தெரிந்தால் கடலில் விடுவதற்கு முன் கண்ணுக்குத் தெரியும் நிலத்தில் எங்காவது இறக்கிவிடுங்கள். அடுத்த முறை காற்றை எதிர்த்துப் போய், காற்றோடு திரும்புங்கள்.

## கைபேசி நடுவில் அணைந்துவிட்டது

ஐபோன் இயங்க ஆப்பிள் தரும் எல்லை 0 முதல் 35 டிகிரி. மற்றவையும் இதற்கு அதிகம் விலகியவை அல்ல. கைபேசியின் முதுகில் கைச்சூட்டுப் பையை ரப்பர் வளையத்தால் கட்டுங்கள். அணைந்தாலும் பதறாதீர்கள், ரிமோட்டின் குச்சிகள் வேலை செய்யும். திரும்பிவரும் பொத்தான் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கையுறையோடு, பார்க்காமலே தொட்டறியப் பழகிக்கொள்ளுங்கள்.

## கலைமான்கள் தலைதூக்குகின்றன; கழுகு வட்டமிடுகிறது

இதையும் கோளாறாகவே கருதுங்கள். குளிர்காலக் கலைமான் பனியைக் குளம்பால் தோண்டிப் பாசியைத் தின்று, உடலில் சேர்த்த கொழுப்பைச் சிக்கனமாகச் செலவழித்து வசந்தத்துக்குப் போய்ச்சேர வேண்டும். பெண்மான்கள் சினையாக இருக்கும் காலம். ஓடவைத்தால் அந்தச் செலவை அவையும், அவற்றை மேய்க்கும், இப்பகுதியின் பூர்வகுடிகளான சாமி மக்களின் குடும்பங்களும் சுமக்க வேண்டும். தலை தூக்கினால் விலகிவிடுங்கள். கடற்கழுகு நெருங்கினால் துரத்தவும் வேண்டாம், படமெடுக்கவும் வேண்டாம். மெதுவாக விலகி இறங்கிவிடுங்கள்.

## விழுந்துவிட்டது, பனிக்குள் எங்கே என்று தெரியவில்லை

ஆப்பை மூடாதீர்கள். வரைபடத்தில் கடைசி இடத்தைத் திரைப்பிடிப்பு எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மேலே நிமிர்ந்து சரிவைப் பாருங்கள். 30 டிகிரிக்கு மேல் சாய்ந்த பனிச்சரிவில், அல்லது அதன் அடிவாரத்தில் விழுந்திருந்தால் தேடப் போகாதீர்கள். நார்வேயின் பனிச்சரிவு எச்சரிக்கைகள் வார்சோம் தளத்தில் நாள்தோறும் வருகின்றன. அதைப் பார்த்து, ஊரில் நிலம் அறிந்த ஒருவரைக் கேட்டு, இன்னொரு நாள் போகலாம். போகாமலும் விடலாம். நானும் ஒன்றை லிங்கன் பக்கம் அப்படி விட்டுவிட்டு வந்தேன். மே மாதம் பனி இளகியபின் போய் எடுத்தேன்.

சமதரையில் விழுந்திருந்தால் ஒலியெழுப்பும் வசதியைத் தட்டி, நின்று காதுகொடுங்கள். புதுப்பனி ஒலியை விழுங்கிவிடும். பத்தடிக்கு ஒருமுறை நின்று கேளுங்கள். பனியில் கையகலத் துளை ஒன்று தெரியும். அதன் கீழே இருக்கும். மோட்டாரை முடுக்கிப் பார்க்க வேண்டாம். முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். பனியைத் தூரிகையால் தட்டிவிட்டு, ஜிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, அறைச் சூட்டுக்கு வந்தபின் பையைத் திறந்து இரண்டு நாள் உலரவிடுங்கள். ஹீட்டர்மேல் வைக்காதீர்கள், தலைமுடி உலர்த்தியும் வேண்டாம். அடிபட்ட பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.